பெட்டியில் அச்சடித்த சிப், போனுக்குள் ஏன் தூங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். போன் கம்பெனிகள் உள்ளே இருக்கும், திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் சிப்பை வேண்டுமென்றே பூட்டி வைத்துவிட்டு, அடுத்த மாடலில் அதைத் திறந்துவிட்டுப் புதுசு என்று விற்கின்றன என்பது அவர் புகார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் 'பூட்டு' என்ற சொல் எனக்கு உறுத்தியது. 2004-லிருந்து மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஆறடிக்கு எட்டடி கடையில் போன் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் திறந்து பார்த்த போன்களில் பூட்டு இருந்தது குறைவு. சாவி செய்யவே யாரும் மெனக்கெடாத போன்கள்தான் அதிகம். அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. கடிதம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கடையில் நடந்த ஒன்று. 2012 தீபாவளி முடிந்த வாரம். தையல் கடை வைத்திருக்கும் ஒருவர், எட்டாவது படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஏழு அங்குல டேப்லெட், ஆண்ட்ராய்டு 2.3. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் '3டி கிராபிக்ஸ்' என்று போட்டிருந்தது.

"தம்பி, இதுல கார் கேம் ஓட மாட்டேங்குதாம். ரெண்டு நாளா வீட்டுல ஒரே அழுகை. என்னன்னு பாருங்க" என்றார்.

பையன் போட்டுக் காட்டினான். கார் ஓடவில்லை, தாவியது. அந்தக் காலத்துக் கல்யாண வீட்டு ஸ்லைடு ஷோ மாதிரி ஒரு படம், சற்றுப் பொறுத்து இன்னொரு படம். "அண்ணே, என் ஃபிரண்டு டேப்லெட்டும் இதே சிப்தான். அதுல பறக்குது" என்றான். எட்டாவது படிக்கிற பையன் சிப் பெயர் சொல்கிறானே என்று எனக்கு ஆச்சரியம். சரி என்று போனைப் பரிசோதிக்கும் ஒரு இலவச ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். அதில் 'ரெண்டரர்' என்று ஒரு வரி வரும். படம் வரைகிற வேலையை யார் பார்க்கிறார்கள் என்பதை அந்த வரி சொல்லிவிடும். அங்கே உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப்பின் பெயர், 'மாலி 400' என்று வந்திருக்க வேண்டும். வந்தது 'ஆண்ட்ராய்டு பிக்ஸல்ஃபிளிங்கர் 1.4'.

பிக்ஸல்ஃபிளிங்கர் என்பது சிப் அல்ல. ஆண்ட்ராய்டுக்குள் அந்தக் காலத்தில் இருந்த ஒரு மென்பொருள் வரைவாளர். டிரைவர் என்பது சிப்பை வேலை வாங்கும் மென்பொருள், நான் சொன்ன சாவி அதுதான். கிராபிக்ஸ் சிப்புக்கு அந்த டிரைவர் இல்லாத இடத்தில், மெயின் பிராசசரையே ஒவ்வொரு புள்ளியாக வரைய வைப்பது அதன் வேலை. சமையல்காரர் வராத அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே தோசை ஊற்றுகிற மாதிரி. தோசை வரும், ஆனால் பந்தி முடியாது.

டேப்லெட்டை ரூட் செய்து, அதாவது கம்பெனி மூடி வைத்த சிஸ்டம் கோப்புகளைத் தொடும் உரிமையை எடுத்துக்கொண்டு, உள்ளே போனேன். சிஸ்டம் போல்டரில் இஜிஎல் என்று ஒரு இடம் உண்டு. அங்கே ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கும், இரண்டு வரி. முதல் வரி '0 0 ஆண்ட்ராய்டு', அதாவது மென்பொருள் வரைவாளர். இரண்டாவது வரி '0 1 மாலி', அதாவது நிஜ சிப். இந்த டேப்லெட்டில் முதல் வரி மட்டும்தான் இருந்தது. இரண்டாவது வரியும் இல்லை, அது சுட்டிக்காட்ட வேண்டிய டிரைவர் கோப்புகளும் இல்லை. பலகையில் சிப் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது, மென்பொருளுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

கம்பெனி சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டேன். "அப்டேட்ல வரும் சார்." எப்போது வரும் என்று கேட்டேன். "வரும் சார்."

எனக்கு அப்போது இளரத்தம். அதே சிப் உள்ள வேறொரு கம்பெனி டேப்லெட்டிலிருந்து கோப்புகளை எடுத்துப் போட்டேன். லோகோவிலேயே நின்றுவிட்டது. மேலே இருக்கும் கோப்பு மட்டும் போதாது, அடியில் கெர்னல் என்ற இயங்குதளத்தின் அடித்தளத்துக்குள்ளும் அதற்கு ஜோடியான பகுதி வேண்டும், இரண்டும் பதிப்பு பொருந்த வேண்டும். கடையை அடைத்த பிறகு மூன்று ராத்திரி உட்கார்ந்து பொருத்தினேன். நாலாவது நாள் கார் பறந்தது. தையல்காரர் இருநூறு ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் டேப்லெட் திரும்பி வந்தது. பின்பக்கம் தொட முடியாத சூடு. மூன்று மணி நேரம் நின்ற சார்ஜ் ஒன்றரை மணி நேரம்கூட நிற்கவில்லை. சார்ஜரில் போட்டபடி விளையாடினால் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. திறந்து பார்த்தேன். சிப்பின் மேல் சூட்டைக் கடத்தும் தகடு கிடையாது. பேட்டரி அட்டை மாதிரி மெலிசு. மொத்த ரேமே 512 எம்பி, அதில் கிராபிக்ஸ் சிப் தன் பங்கை எடுத்துக்கொண்டால் மிச்சத்துக்குத் திண்டாட்டம். வேறு வழியில்லாமல் பழைய மாதிரியே ஆக்கிக் கொடுத்தேன். இருநூறு ரூபாயையும் திருப்பிக் கொடுத்தேன். பையன் என்னோடு பேசவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஒருத்தர் அந்த இரண்டாவது வரியைப் போட்டுப் பார்த்து, சூட்டைத் தொட்டுப் பார்த்து, வேண்டாம் என்று எடுத்திருக்கலாம். அல்லது போட்டுப் பார்க்கவே நேரம் இல்லாமல் கப்பல் ஏற்றியிருக்கலாம். எதுவாக இருந்தாலும், பெட்டியிலிருந்து '3டி' என்ற எழுத்தை எடுக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி ஊரறிந்த ஒரு வழக்கு. தைவானின் எச்டிசி கம்பெனி 2007-இல் டைட்டன் 2 என்று ஒரு போன் கொண்டுவந்தது. திரையைத் தள்ளிச் சாய்த்தால் கீழே முழுக் கீபோர்டு வரும். உள்ளே விண்டோஸ் மொபைல் 6, குவால்காமின் எம்எஸ்எம் 7200 சிப், 400 மெகாஹெர்ட்ஸ். அந்தச் சிப்பிலேயே படம் வரையும் பகுதியும் இருந்தது. வாங்கியவர்கள் பார்த்தால், வீடியோ திக்குகிறது, பக்கத்தை நகர்த்தினால் இழுக்கிறது. அதற்கு முந்தைய போன்களே தேவலாம் என்றார்கள். குடைந்து பார்த்ததில் சிப் இருக்கிறது, டிரைவர் இல்லை என்று தெரிந்தது. 2008 தொடக்கத்தில் பயனர்கள் ஒரு இணையதளம் ஆரம்பித்து ஆள் சேர்த்தார்கள், கோர்ட்டுக்குப் போவோம் என்றுகூடப் பேச்சு எழுந்தது.

கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. அதில் சுற்றி வளைக்கவில்லை, அதற்காகவே அது எனக்கு நினைவில் நிற்கிறது. இப்படிப்பட்ட சிப்பில் எத்தனையோ வசதி உண்டு, எல்லாவற்றையும் எல்லாப் போனிலும் திறந்துவிடுவது வழக்கமில்லை என்றார்கள். திறக்க வேண்டுமென்றால் நீண்ட மென்பொருள் வேலை, உரிமம் பற்றிய பேச்சுவார்த்தை, கட்டணம், விற்றுவிட்ட போனை மறுபடி சோதிக்கிற வேலை எல்லாம் இருக்கிறது என்றார்கள். அந்தப் போன்களுக்கு வீடியோ வேகத்துக்கான டிரைவர் தரும் உத்தேசம் இல்லை என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

வாங்கியவனுக்கு இது எரிச்சல்தான். ஆனால் தொழில்காரனாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. அந்தக் கிராபிக்ஸ் பகுதி குவால்காமின் சொந்தச் சரக்கு அல்ல, ஏடிஐ கம்பெனியிடமிருந்து வந்தது. ஏடிஐயை 2006-இல் ஏஎம்டி வாங்கிவிட்டது. 2009 ஜனவரியில்தான் குவால்காம் அந்தக் கைக்கருவி கிராபிக்ஸ் பிரிவை ஏஎம்டியிடமிருந்து 6.5 கோடி டாலருக்கு வாங்கியது. இன்றைக்கு நம் போன்களில் 'அட்ரீனோ' என்று வருகிறதே, அதுதான் இது. ஏஎம்டியின் 'ரேடியான்' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அட்ரீனோ வரும். ஆக 2007-இல் ஒரே போனுக்கு நாலு சம்பந்தி. கிராபிக்ஸ் ஒருவருடையது, சிப் ஒருவருடையது, போன் ஒருவருடையது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. நாலு வீட்டுப் பெரியவர்களும் ஒப்புக்கொண்டால்தான் முகூர்த்தம்.

அதற்காக எச்டிசியை நான் சும்மா விடவில்லை. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போனாக ஜி1 வந்ததே, அதைச் செய்ததும் எச்டிசிதான். அதில் இருந்தது எம்எஸ்எம் 7201ஏ, முந்தையதன் தம்பி. அதில் கிராபிக்ஸ் டிரைவர் இருந்தது, 3டி ஓடியது. சிப் குடும்பத்தில் கோளாறு இல்லை என்பதற்கு இது போதும். அங்கே கூகுளுக்கு அது தேவைப்பட்டது, உட்கார்ந்து செய்தார்கள்.

இந்தச் சம்பந்தி விவகாரத்துக்கு இன்னொரு உதாரணம் கேலக்ஸி நெக்ஸஸ். 2011 நவம்பரில் கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து கொண்டுவந்தது. சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், அதற்குள் இருந்த கிராபிக்ஸ் பிரிட்டனின் இமாஜினேஷன் கம்பெனியுடையது. 2012-இல் டெக்சாஸ்காரர்கள் போன் சிப் தொழிலே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள், 1,700 பேருக்கு வேலை போனது. 2013 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 4.4 வந்தபோது அந்தப் போனுக்குக் கிடைக்கவில்லை. போன் வந்து 18 மாதம்வரைதான் அப்டேட், அந்தக் கெடு முடிந்துவிட்டது என்றது கூகுள். கெடு இருக்கட்டும், டிரைவரைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டிய சிப் கம்பெனியே கடையைக் கட்டிவிட்ட பிறகு கேட்க யார் இருக்கிறார்கள்?

ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் இந்த டிரைவரை ஒட்ட வேண்டும் என்பது வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரியாது. போன் கம்பெனியால் அதை எழுத முடியாது. மூலநிரல் அவர்களிடம் இருக்காது, கட்டி முடித்த கோப்பு மட்டும்தான் கைக்கு வரும். சிப் கம்பெனி கொடுத்தால் உண்டு. சிப் கம்பெனியோ ஆர்டர் எவ்வளவு என்று பார்க்கும். ஏழாயிரம் ரூபாய் போனில் இதற்காக உட்கார வைக்கிற இன்ஜினியர் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? விற்ற போனில் மறுபடி ஒரு பைசா வரப்போவதில்லை.

காசும் மனசும் இருந்தால் எப்படி நடக்கும் என்பதற்கும் என் கவுண்டரிலேயே சாட்சி உண்டு. 2014 செப்டம்பர் 15-ஆம் தேதி டெல்லியில், விலை குறைந்த போன்களுக்கான கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தைத் தொடங்கி வைத்தார் சுந்தர் பிச்சை. மதுரையில் பிறந்தவர் என்பதால் அன்றைக்கு எங்கள் சந்தில் எல்லாருக்கும் சொந்தக்காரர் ஆகிவிட்டார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று கம்பெனி போன். மூன்றிலும் ஒரே சிப், மீடியாடெக் எம்டி 6582, கிராபிக்ஸ் மாலி 400. அதே வருஷம் அதே சிப்போடு வேறு பல போன்களும் என் கடைக்கு வந்தன. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண்ட்ராய்டு ஒன் போன்கள் 4.4-இல் ஆரம்பித்து 5.1-க்குப் போய், 2015 அக்டோபரில் 6.0-வையும் பார்த்தன. மற்றவற்றில் பல, பிறந்த பதிப்பிலேயே பேட்டரி உப்பிச் செத்தன. சிப்பும் அதே, கிராபிக்ஸும் அதே. ஒரு பக்கம் மென்பொருளுக்கு நான் பொறுப்பு என்று கூகுள் கையெழுத்துப் போட்டிருந்தது. மறுபக்கம் "அப்டேட்ல வரும் சார்."

இத்தனைக்கும் கூகுள் மட்டும் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். 2013-இல் வந்த நெக்ஸஸ் 5 அவர்கள் பெயரிலேயே விற்றது. குவால்காமின் ஸ்னாப்டிராகன் 800, நல்ல பலசாலி சிப். 2016 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 7 வந்தபோது அதற்கு இல்லை என்றுவிட்டார்கள். சோனியின் எக்ஸ்பீரியா இசட்3 கதை இன்னும் விசேஷம். அதன் சிப் ஸ்னாப்டிராகன் 801. ஆண்ட்ராய்டு 7-இன் முன்னோட்டப் பதிப்பு அதில் ஓடவே ஓடியது, கடைசியில் இறுதிப் பதிப்பு மட்டும் வரவில்லை. இதே நெக்ஸஸ் 5-க்கு லீனியேஜ் ஓஎஸ் என்று தன்னார்வலர்கள் ஆண்ட்ராய்டு 7 செய்து கொடுத்தார்கள், பழைய டிரைவர் கோப்புகளை வைத்தே. நானே எத்தனையோ போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். சம்பளம் வாங்காதவர்கள் செய்ததைச் சம்பளம் வாங்குகிறவர்கள் செய்யவில்லையே என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். தன்னார்வலர் கொடுத்ததில் கேமரா மக்கர் பண்ணினால் "அட, ஓசிதானே" என்று போய்விடுவோம். கம்பெனி கொடுத்ததில் மக்கர் என்றால் சர்வீஸ் சென்டரில் வரிசை நிற்கும். அந்த வரிசைக்குப் பயந்தும் பல டிரைவர்கள் வெளியே வருவதில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு ஆள் ராப் கிளார்க். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்சில் வேலை பார்த்தவர். கிராபிக்ஸ் டிரைவர்கள் மூடிய பெட்டியாக இருப்பதில் வெறுத்துப்போய், 2012-இல் ஓய்வு நேரத்தில் போட்டிக் கம்பெனியான குவால்காமின் அட்ரீனோவைக் குடைய ஆரம்பித்தார். சிப்புக்கு என்ன கட்டளை போகிறது, அது என்ன வரைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, ஃபிரீட்ரீனோ என்று யாரும் படிக்கக்கூடிய டிரைவர் ஒன்றை எழுதினார். மாலிக்கும் அப்படி ஆட்கள் இருந்தார்கள். இவர்கள் யாருக்கும் சிப்பின் கையேட்டை முதலில் யாரும் கொடுக்கவில்லை. இதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வரும். டிரைவர் எழுத உங்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லையா, சரி. கையேட்டையாவது கொடுத்தால் எழுதுகிறவன் எழுதிக்கொள்வான்.

அன்பர் தன் கடிதத்தில் சட்டம் வேண்டும் என்றார். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. ஒரு மாடல் விற்பனையிலிருந்து நின்ற பிறகும் ஐந்து வருஷத்துக்கு, கம்பெனி வெளியிடுகிற இயங்குதள அப்டேட் அதற்கும் காசில்லாமல் கிடைக்க வேண்டும். புதுப் பதிப்பு என்றால் கிராபிக்ஸ் டிரைவரும் அதற்குப் பொருந்த வேண்டும். போன் கம்பெனி அதைச் சிப் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளும். நம் நாட்டிலும் போன்களுக்கு ரிப்பேர் மதிப்பெண் போடுவது பற்றி மத்திய நுகர்வோர் துறை குழு அமைத்து, 2025-இல் அறிக்கையும் வந்தது. அதில் மென்பொருள் அப்டேட்டும் ஓர் அளவுகோல் என்பது நல்ல சேதி. அந்த மதிப்பெண்ணோடு இன்னும் ஒரே ஒரு வரியைப் பெட்டியில் சேர்க்கச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். 'இந்தச் சிப் உள்ளது' என்று போடுகிற இடத்தில், அதில் எது எது இந்தப் போனில் வேலை செய்யும், எந்த வருஷம் வரைக்கும் என்று போடட்டும். சூடு தாங்காது என்று அணைத்து வைத்திருந்தால் அப்படியே சொல்லட்டும். விலை குறைவுதானே என்று நம் ஆட்கள் வாங்கத்தான் செய்வார்கள். தையல்காரரும் வாங்கியிருப்பார், பையனிடம் முதலிலேயே சொல்லிவிட்டு.

அதுவரைக்கும் வாசகர்களுக்கு என் கடைப் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். போன் வாங்கும்போது கடையிலிருக்கும் டெமோ போனில் பரிசோதனை ஆப் ஒன்றைப் போட அனுமதி கேளுங்கள். மெகாபிக்ஸலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த ரெண்டரர் வரி. பெட்டியில் உள்ள பெயர் அங்கே வருகிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே வல்கன் என்று ஒரு வரி இருக்கும், கேம்கள் கிராபிக்ஸ் சிப்போடு பேசுவதற்கு 2016-இல் வந்த வரைமுறை அது. புது கேம்கள் பல அதைத்தான் கேட்கின்றன. அங்கே 'ஆதரவு இல்லை' என்று வந்தால், சேல்ஸ் பையன் எவ்வளவு பேசினாலும் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
செல்போன் பழுது பார்ப்பவன்,
டவுன்ஹால் ரோடு அருகில், மதுரை.

பி.கு.: பெயரைப் போட வேண்டாம். எனக்கு உதிரி பாகம் கடனுக்குக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர்களில் இரண்டு பேர் தினமும் உங்கள் பேப்பர்தான் வாசிக்கிறார்கள்.